பத்மு தீவில் ஒரு பழைய கேள்வி



இரண்டு வாரங்களாக நான் வாராந்தரத் தியானம் எழுதவில்லை. ஆசியாவின் ஏழு சபைகள் இருந்த பட்டணங்களையும் பத்மு தீவையும் காணச் சென்ற போதகர் குழுவோடு நானும் சென்றிருந்ததை நீங்கள் அறிவீர்கள். ஊர் திரும்பிய நாள்முதல், "பத்முவில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்காதவர் இல்லை. அடுத்த ஆண்டு செல்ல எண்ணியிருக்கும் சிலர், எதைப் பார்ப்பது, எத்தனை நாள் தங்குவது, முழங்கால் வலியுள்ளவர்கள் அந்த மலையில் ஏறமுடியுமா என்றெல்லாம் விசாரித்திருக்கிறார்கள். அவற்றுக்கு என்னால் இயன்ற விடையை இங்கே எழுதுகிறேன். அதற்கு முன்பாக ஒரு பழைய தவற்றை உங்களிடம் அறிக்கையிட வேண்டியவனாயிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் வெளிப்படுத்தின விசேஷம் இருபத்தோராம் அதிகாரத்திலிருந்து பிரசங்கித்தேன். புதிய வானம், புதிய பூமி, இனிக் கடல் என்று ஒன்று இல்லை என்னும் பகுதி அது. கூட்டம் முடிந்து தேநீர் வந்தபோது, கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்து நம் ஊரில் மகள் வீட்டில் தங்கியிருந்த ஒரு பெரியவர் என்னருகே வந்தார். வாழ்நாள் முழுவதும் வள்ளத்தில் தொழில் செய்தவர். "ஐயா, அங்க கடலே இல்லேன்னா..." என்று தொடங்கினார். அவர் முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. வேதத்தில் கடல் என்பது கொந்தளிப்புக்கு அடையாளம், எபிரெயர் கடலுக்கு அஞ்சியவர்கள், மிருகம் எழும்பி வருவதும் கடலிலிருந்துதான் என்று இறையியல் கல்லூரியில் கற்றதை ஒப்பித்தேன். "கவலைப்படாதீர்கள் அண்ணாச்சி, ஆண்டவர் உங்களுக்கு அங்கே வேறு தொழில் கொடுப்பார்" என்று முடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "சரிங்கய்யா" என்று தோள் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பின் அவர் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. இதையெல்லாம் அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

இனிப் பத்முவுக்கு வருவோம். கிரேக்க நாட்டின் தென்கிழக்கே, துருக்கிக் கரைக்கு அருகே சிதறிக் கிடக்கும் தொதெகனீஸ் தீவுகளுள் ஒன்று அது. பரப்பளவு ஏறக்குறைய 34 சதுர கிலோமீட்டர். குடிகள் மூவாயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். விமான நிலையம் கிடையாது. ஏதென்ஸின் துறைமுகமாகிய பிரேயஸிலிருந்து கப்பலில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். சாமோஸ், கோஸ் முதலிய அண்டைத் தீவுகளிலிருந்தும் படகுகள் வருகின்றன. உல்லாசக் கப்பலில் வந்து சில மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களே மிகுதி. நாங்கள் இரண்டு இரவுகள் தங்கினோம். போக விரும்புகிறவர்களுக்கும் அதையே சொல்லுவேன். கப்பற்கூட்டம் திரும்பிச் சென்ற மாலைப்பொழுதில்தான் அந்தத் தீவு தன் முகத்தைக் காட்டுகிறது.

துறைமுக ஊரின் பெயர் ஸ்காலா. தீவின் இடுப்பு அந்த இடத்தில் மிகவும் ஒடுங்கியிருப்பதால், கிழக்கே கப்பல் துறையில் இறங்கியவர் சில நிமிடம் நடந்தாலே மேற்கே ஹோக்லகாஸ் என்னும் கூழாங்கல் கரையை அடைந்துவிடலாம். ஸ்காலாவில் நின்று தெற்கே நிமிர்ந்து பார்த்தால், குன்றின் உச்சியில் வெள்ளை வீடுகளின் நடுவே கருஞ்சாம்பல் நிறக் கோட்டை ஒன்று தெரியும். கோட்டை போலத் தோன்றும் அதுவே பரிசுத்த யோவானின் மடம். அதைச் சுற்றியுள்ள ஊர் ஹோரா. ஸ்காலாவுக்கும் ஹோராவுக்கும் இடையில், பாதி மலையில், வெளிப்பாட்டின் குகை இருக்கிறது. இந்த மூன்றும் ஒரே சாலையில் நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். பேருந்து உண்டு, வாடகைக் கார் உண்டு. கால் வலுவுள்ளவர்கள் கல் பாவிய பழைய நடைபாதையில் ஏறலாம். முழங்கால் வலியுள்ளவர்கள் பேருந்திலேயே செல்லுங்கள். குகைக்குள் போகும்போது பல படிகள் இறங்கவேண்டும், இறங்கியதையெல்லாம் திரும்ப ஏறவும் வேண்டும்.

துறைமுகத்திலேயே எனக்கு முதல் திருத்தம் கிடைத்தது. யோவான் இந்தத் தீவின் சுரங்கத்தில் விலங்கு பூட்டப்பட்டுக் கல்லுடைத்தார் என்று நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த விக்டோரினுஸ் என்னும் அத்தியட்சர் அப்படி எழுதியது உண்மை. ஆனால் பத்முவில் அக்காலத்தில் சுரங்கம் இருந்ததற்குச் சான்று இல்லை. அது ஆளில்லாப் பாறையாகவும் இருக்கவில்லை. ஸ்காலாவுக்கு மேலேயுள்ள கஸ்தெல்லி என்னும் குன்றில் கிறிஸ்துவுக்கு முந்திய காலத்துக் கோட்டையின் மதில்கள் இன்றும் நிற்கின்றன. ஆர்த்தெமி தேவியின் வழிபாடு அங்கே நடந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கடைவீதியும் கோவிலும் மனிதரும் உள்ள ஓர் ஊரில், தன் சபையை விட்டுப் பிரிக்கப்பட்டவராக யோவான் இருந்தார். விலங்கு பூட்டப்படாதவனுக்கும் அது கடினமான தண்டனைதான். எபேசு பட்டணம் வடகிழக்கே நூறு கிலோமீட்டர் அளவிலேதான் இருக்கிறது. நடுவில் இருப்பது கடல்.

துறைமுகத்தில் இன்னொன்றையும் காட்டினார்கள். நீரின் நடுவே ஒரு பாறை. கப்பல்கள் மோதாதபடி அதன்மேல் அடையாளம் நாட்டியிருக்கிறார்கள். கினொப்ஸ் என்னும் மந்திரவாதி கல்லாய்ச் சமைந்த இடம் அது என்பது தீவார் வழங்கும் கதை. இது வேதத்தில் உள்ளதன்று. யோவானைப் பற்றிப் பிற்காலத்தில் எழுந்த பழங்கதை. மடத்தின் ஆலய முன்மண்டபச் சுவரிலும் இதைத் தீட்டியிருக்கிறார்கள். கடலில் தகப்பனை இழந்த ஒருவன் கூட்டத்தில் நிற்கிறான். அவனுடைய தகப்பனைக் கொண்டுவரும்படி கினொப்ஸ் யோவானுக்குச் சவால் விடுகிறான். யோவான் மறுக்கிறார். உடனே கினொப்ஸ் தானே கடலில் குதித்து, மாண்டவனைப் போன்ற ஓர் உருவத்தோடு மேலே வருகிறான். அது பிசாசின் மாயம். ஜனங்கள் அவன் காலில் விழுகிறார்கள். பின்னர் ஒருநாள் அவன் மறுபடியும் குதிக்கிறான், யோவான் ஜெபிக்கிறார், அவன் மேலே வரவேயில்லை.

எங்கள் குழுவில் சிலர் இதைக் கேட்டு நகைத்தார்கள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கதையில் வரும் கூட்டம் என் நினைவில் தங்கிவிட்டது. ஒரு தீவு மக்கள் ஓர் அற்புதத்தைக் கற்பனை செய்யும்போது அவர்களுக்கு முதலில் தோன்றுவது பொன்னோ அப்பமோ அல்ல. கடல் கொண்டுபோன தகப்பன் திரும்பி வருவதே.

குகையைப் பற்றிச் சொல்லுகிறேன். கடற்கரையில் அலை மோதும் ஓர் இருண்ட பொந்தாக அதை எண்ணியிருந்தேன். படங்களில் அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள். உண்மையில் அது மலைச்சரிவில், ஒரு சிறு மடத்தின் வெள்ளைச் சுவர்களுக்குள்ளே அமைந்திருக்கிறது. அன்னாளின் பெயரால் ஒரு சிற்றாலயம். அதன் ஒரு பக்கம் கட்டிய சுவர், மறுபக்கம் குகைப் பாறை. அங்கே அலையோசை கேட்பதில்லை. கூரைப் பாறையில் மூன்றாகப் பிளந்த ஒரு வெடிப்பு உண்டு. கர்த்தருடைய சத்தத்தினால் அது பிளந்தது என்றும் திரியேகத்தைக் குறிக்கிறது என்றும் சொல்லுகிறார்கள். யோவான் தலைசாய்த்ததாகக் கூறும் குழியைச் சுற்றி வெள்ளி பதித்திருக்கிறார்கள். முதியவர் எழுந்திருக்கக் கையூன்றியதாகச் சொல்லும் இன்னொரு குழியும், அவர் சொல்லச் சொல்லப் பிரொகோர் ஏட்டை வைத்து எழுதியதாகச் சொல்லும் ஒரு பாறைத் திட்டும் இருக்கின்றன. பிரொகோர் என்பவர் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் பந்தி விசாரிப்புக்கென்று தெரிந்துகொள்ளப்பட்ட எழுவருள் ஒருவர்.

நம்முடைய சபை மரபில் இடங்களைத் தொட்டு வணங்கும் வழக்கம் இல்லை. ஆகையால் நான் கைகட்டி நின்றேன். எனக்கு முன்னே வயது முதிர்ந்த ஒரு கிரேக்கத் தாய் அந்தக் கையூன்றும் குழியில் தன் கையை வைத்து வெகுநேரம் எடுக்காமலிருந்தார். எழுந்திருக்க ஒரு பிடிப்பு வேண்டிய வயது அவருக்கும்தான். அதைக் கண்டபின் எனக்கு விமரிசனம் செய்யத் தோன்றவில்லை.

குகையைச் சுற்றியுள்ள சரிவில் நல்ல மரச்சோலை இருக்கிறது. தீவின் மற்றச் சரிவுகள் பெரும்பாலும் மொட்டையாயிருக்க, இங்கே மட்டும் எப்படி என்று வியந்தேன். இருபதாம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த அம்ஃபிலோகியோஸ் என்னும் துறவியின் வேலை அது. பாவ அறிக்கை செய்ய வந்த விவசாயிகளுக்கு அவர் விதித்த பரிகாரம், போய் ஒரு மரம் நடவேண்டும் என்பது. நட்டார்களா என்று போய்ப் பார்ப்பாராம், தண்ணீரும் ஊற்றுவாராம். 1970இல் மறைந்த அவரை அந்தத் திருச்சபை 2018இல் பரிசுத்தவான்களின் வரிசையில் சேர்த்தது. பரிகாரம் பற்றிய அவர்களுடைய உபதேசம் நமக்கு உடன்பாடன்று. இருந்தாலும் சேகரக் கமிட்டியில் சண்டையிட்டுக்கொள்ளுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு வேப்பங்கன்று கொடுத்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன்.

ஹோராவின் மடத்தை 1088ஆம் ஆண்டில் கிறிஸ்தோதுலோஸ் என்னும் துறவி தொடங்கினார். பைசாந்தியப் பேரரசன் முதலாம் அலெக்ஸியோஸ் கொம்னெனோஸ் தீவு முழுவதையும் அவருக்குச் சாசனம் எழுதிக் கொடுத்தான். கடற்கொள்ளைக்காரருக்கு அஞ்சியே மதில்களை அத்தனை தடிமனாக எழுப்பினார்கள். மடத்தையும் ஹோராவையும் குகையையும் சேர்த்து 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உள்ளே செல்லுகிறவர்கள் தோளும் முழங்காலும் மறைய உடுத்தியிருக்க வேண்டும்; நம் சகோதரிகளின் சேலைக்கு அங்கே நல்ல மரியாதை. உச்சிவேளையில் கதவடைத்துவிடுவார்கள், ஆகையால் காலையிலேயே சென்றுவிடுங்கள். கன்னி மரியாளின் சிற்றாலயத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் இருக்கின்றன. ஆபிரகாம் மூன்று விருந்தினரை உபசரிக்கும் காட்சியை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் என் கால்கள் நின்றுவிட்டது அருங்காட்சியகத்தில். மடத்தின் நூலகத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் உண்டு; ஆய்வாளர் அல்லாதவர்க்கு அங்கே அனுமதியில்லை. அதன் செல்வங்களுள் சிலவற்றை மட்டும் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் ஊதாநிறம் ஏற்றிய தோலில் வெள்ளி மையால் எழுதிய ஒரு சுவிசேஷப் பிரதி. கர்த்தருடைய நாமம் வருமிடங்களில் பொன் எழுத்து. அது பிற்காலத்தில் ஏடு ஏடாகச் சிதறிப்போயிற்று. பெரும்பகுதி ருஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. மாற்கு சுவிசேஷத்தின் 33 ஏடுகள் பத்முவில் தங்கியிருக்கின்றன. ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளைக் கடந்த அந்த எழுத்துகள் இன்னும் மின்னுகின்றன.

என்னோடு நின்ற இளம் போதகர் ஒருவர், "இதில் அதிகாரம், வசனம் எங்கே ஐயா இருக்கிறது?" என்று கேட்டார். நான் விளக்கினேன்: சொல்லுக்குச் சொல் இடைவெளிகூட விடாமல் அக்காலத்தில் எழுதினார்கள், இன்றுள்ள அதிகாரப் பிரிவுகளைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்னும் ஆங்கிலேயப் பேராயர் அமைத்தார் என்பர், புதிய ஏற்பாட்டின் வசன எண்களை 1551இல் ராபர்ட் எஸ்தியென் என்னும் அச்சகர் இட்டார். விடையை உடனே சொல்லிவிட்டேன். விடை சொல்லுவதில் எனக்கு எப்போதும் வேகந்தான். அதனால் எனக்கே என்ன ஆகவேண்டும் என்பது மறுநாள்தான் விளங்கிற்று.

ஹோராவின் சந்துகள் இரண்டு கழுதைகள் எதிர்ப்பட்டால் ஒன்று பின்வாங்க வேண்டிய அகலமே உள்ளவை. ஊர் விளிம்பில் மூன்று காற்றாலைகள் நிற்கின்றன. இரண்டு பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பெரிய வியாழனன்று ஹோராவின் சதுக்கத்தில், மடத்துத் தலைவர் பன்னிரண்டு துறவிகளின் கால்களைக் கழுவும் சடங்கு ஊரார் காண நடைபெறும். அந்த வாரத்தில் போக இயன்றவர்கள் பாக்கியவான்கள். அறைகள் மட்டும் முன்னதாகவே நிரம்பிவிடும்.

இரண்டாம் நாள் ஓய்வு நாளாக விடப்பட்டது. சிலர் தெற்கே ப்சிலி அம்மோஸ் என்னும் மணற்கரைக்குப் படகில் சென்றார்கள். சிலர் கிரிக்கோஸ் விரிகுடாவுக்கு அருகே கடலோரத்தில் தனித்து நிற்கும் கலிகாட்சு என்னும் பெரும் பாறையைப் பார்க்கச் சென்றார்கள். அதில் பழங்காலத்தில் துறவிகள் குடைந்து வாழ்ந்ததாகச் சொல்லுகிறார்கள். நான் வேதபுத்தகத்தை எடுத்துக்கொண்டு வடக்கே லம்பி என்னும் கரைக்குச் சென்றேன். அங்கே மணல் இல்லை. செம்மை, பச்சை, மஞ்சள், வெண்மை என்று பல நிறக் கூழாங்கற்கள், வரி வரியாக. நனைந்திருக்கும்போது நிறம் துலங்கும். கையிலெடுத்துக் காய்ந்தால் மங்கிவிடும். ஒன்றை எடுத்துவர ஆசைதான். கரைக்கு வருகிறவரெல்லாம் ஒவ்வொன்று எடுத்தால் என்ன மிஞ்சும் என்று எண்ணித் திரும்பப் போட்டுவிட்டேன்.

அங்கே வடகாற்று வலுத்திருந்தது. அலை ஏறும்போது வரும் ஓசையைவிட, அது வடியும்போது ஆயிரமாயிரம் கற்கள் ஒன்றோடொன்று உரசி உருளும் ஓசையே பெரிது. கர்த்தருடைய சத்தம் பெருவெள்ளத்தின் இரைச்சலைப் போன்றது என்று யோவான் முதலாம் அதிகாரத்தில் எழுதியதை அங்கே இருந்து வாசித்தேன். இப்படிப்பட்ட கரையொன்றில் நின்றுதான் அவர் அந்த உவமையைக் கண்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பிறகு அந்தப் புத்தகம் முழுவதையும் ஒரே மூச்சில் வாசிக்கத் தொடங்கினேன். முந்தைய நாள் கண்ட ஊதா ஏட்டின் நினைவு இருந்ததனால், அதிகார எண்களில் நிற்காமல் வாசித்தேன்.

எத்தனை கடல் அந்தப் புத்தகத்தில்! சிங்காசனத்துக்கு முன் கண்ணாடிக் கடல். ஒரு காலைக் கடலின்மேல் வைத்து நிற்கும் தூதன். கடலிலிருந்து எழும் மிருகம். பாபிலோன் விழுந்ததைக் கண்டு தூரத்தில் நின்று அழும் மாலுமிகள். ஏந்திரக்கல்லைப்போல ஒரு பெருங்கல்லைக் கடலில் எறிகிற தூதன். நாள்தோறும் கடலையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் புத்தகம் அது. அப்படியே இருபதாம் அதிகாரத்தின் முடிவுக்கு வந்து, நிற்காமல் இருபத்தொன்றாம் அதிகாரத்துக்குள் சென்றேன். சென்றவன் திரும்பி வந்தேன். மறுபடியும் வாசித்தேன்.

புதிய பூமியில் கடல் இல்லை என்பது இருபத்தொன்றாம் அதிகாரத்தின் முதல் வசனம். அதற்கு மூன்றே வசனங்களுக்கு முன்னே, இருபதாம் அதிகாரத்தின் பதின்மூன்றாம் வசனத்தில், கடல் தன்னிடத்தில் கிடந்த மரித்தோரைத் திரும்ப ஒப்புக்கொடுக்கிறது. முதலில் ஒப்புக்கொடுக்கிறது, அதன் பின்னரே இல்லாமல் போகிறது. முப்பது ஆண்டுகளாக இந்த இரண்டு வசனங்களையும் தனித்தனியே பிரசங்கித்திருக்கிறேன். ஒன்றை நியாயத்தீர்ப்பைப் பற்றிய எச்சரிப்பின் செய்தியில், மற்றொன்றை அடக்க ஆராதனையில். பேராயர் ஒருவர் இட்ட கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அவை இருந்ததனால் நான் சேர்த்துப் பார்த்ததில்லை.

அப்போதுதான் அந்தப் பெரியவரின் பாதிக் கேள்வி என் செவியில் முழுமையாக விழுந்தது. அவருடைய தம்பி வாலிப வயதில் தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை என்பதை நான் இடையில் அறிந்திருந்தேன். அவர்கள் குடும்பத்தில் ஓர் அடக்கத்தின்போது உறவினர் ஒருவர் சொன்னார். உடல் கிடைக்கவில்லை. கல்லறை கிடையாது. கல்லறைத் திருநாளில் எல்லாரும் மெழுகுவர்த்தியோடு செல்லும்போது அவர் மட்டும் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார் என்றும் கேள்விப்பட்டேன். இவ்வளவும் தெரிந்திருந்தும், அன்று அவர் கேட்க வந்தது தொழிலைப் பற்றி அன்று என்பது எனக்கு உறைக்கவில்லை. "அங்க கடலே இல்லேன்னா, கடல்ல கிடக்கிறவன் என்ன ஆவான்?" இதுதான் கேள்வி. நான் அவருக்கு வேறு தொழில் கொடுத்து அனுப்பினேன்.

அந்தக் கரையில் வெகுநேரம் இருந்தேன். அந்தக் கடலுக்கும் அப்படிப்பட்டவர்கள் அநேகர் உண்டு. துருக்கிக் கரையிலிருந்து சிறு படகுகளில் இந்தத் தீவுகளை நோக்கிப் புறப்பட்ட அகதிகளில் எத்தனையோ பேர், குழந்தைகளோடு, இந்நூற்றாண்டில் இதே நீரில் மூழ்கியிருக்கிறார்கள். 2015இல் கோஸ் தீவுக்குப் புறப்பட்டு, துருக்கிக் கரையில் முகங்குப்புற ஒதுங்கிய அந்தச் சின்னஞ்சிறுவனின் படத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவனாவது கரையேறினான், அடக்கம்பண்ண ஓர் உடல் இருந்தது.

இன்னொன்றையும் நான் மறைக்கக்கூடாது. அந்தப் பதின்மூன்றாம் வசனம் ஆறுதலுக்கென்று தனியே எழுதப்பட்டதன்று. வெள்ளைச் சிங்காசனத்தின் முன் எல்லாரும் நிற்கும் காட்சியில் அது வருகிறது; புத்தகங்கள் திறக்கப்படுகின்றன; அவனவன் கிரியைக்குத் தக்கதாகத் தீர்ப்பு உண்டு. ஆகையால் எல்லாம் நலமே என்று அதை வைத்து எவருக்கும் வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. ஆனால் தொலைந்துபோனவர் என்று கர்த்தருடைய கணக்கில் ஒருவரும் இல்லை என்பதை அது சொல்லுகிறது. எங்கே கிடக்கிறான் என்று அண்ணனுக்குத் தெரியாது, கடலுக்குத் தெரியும், கடல் யாருக்குக் கணக்குக் கொடுக்கவேண்டுமோ அவருக்கும் தெரியும்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் அவரைப் பார்க்கப் போனேன். எண்பது வயதைத் தாண்டிவிட்டார். கண் அறுவை செய்தும் பார்வை சரியாக இல்லை, பெரும்பாலும் கட்டிலில்தான். தேநீர் வந்தது. பத்முவைப் பற்றிக் கேட்டார். அங்கே என்ன மீன் கிடைக்கிறது, வலையா தூண்டிலா என்று விசாரித்தார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பிறகு, "அண்ணாச்சி, பல வருஷத்துக்கு முன்னே ஜெபக்கூட்டத்தில் நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். கேட்டு முடிக்க நான் விடவில்லை. என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன்.

"எனக்கு ஞாபகம் இல்லீங்கய்யா" என்றார்.

நான் மேலே ஒன்றும் பேசவில்லை. மகள் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரம் கழித்து அவர், "ஞாபகம் இருக்கு" என்றார்.

வேதத்தைத் திறந்து, இருபதாம் அதிகாரத்தின் பதினோராம் வசனம் தொடங்கி, அதிகார முடிவில் நிற்காமல், கண்ணீர் துடைக்கப்படும் பகுதிவரைக்கும் வாசித்தேன். நியாயத்தீர்ப்பை விட்டுவிட்டு வாசிக்கவில்லை. அவர் கண்ணை மூடியிருந்தார்; உறங்கிவிட்டாரோ என்று எண்ணினேன்.

"அந்தக் கடல் வர்ற எடத்த மட்டும் திரும்ப வாசிங்க."

வாசித்தேன். கடல் ஒப்புக்கொடுக்கிறது; அதன் பின் மரணமும் பாதாளமும் ஒப்புக்கொடுக்கின்றன.

"கடல் மொதல்லயா?" என்று கேட்டார். "கல்லறையில இருக்கிறவங்களுக்கு முந்தியா?"

அதை நான் கவனித்ததில்லை. மறுபடியும் பார்த்தேன். "ஆம் அண்ணாச்சி. கடலைத்தான் முதலில் சொல்லியிருக்கிறது" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையணைக்கடியிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜெபிக்கலாமா என்று கேட்டேன். "தம்பி பேரச் சொல்லி ஜெபிங்க" என்றார். நம் சபையில் மரித்தோருக்காக விண்ணப்பம் செய்வதில்லை என்பதை அவரும் அறிவார். அந்த வாலிபனை அவர்களுக்குக் கொடுத்த வருஷங்களுக்காகக் கர்த்தருக்கு நன்றி செலுத்துகிறேன், பெயரைச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். வயது பத்தொன்பது என்றார். உள்ளேயிருந்து வந்து கதவருகே நின்ற மகள், தன் சித்தப்பாவின் பெயரை அன்றுதான் முதன்முதலாகத் தகப்பன் வாயால் கேட்டதாகப் பின்னர் என்னிடம் சொன்னார்.